படம் சரி, சமன்பாடு பிழை: அட்சரகணிதப் படக்குறிப்பில் வரும் கோளாறுகளைத் திருத்தும் வழிமுறை

2010ஆம் ஆண்டு மீள்குடியமர்வுக்குப் பின் நாங்கள் வகுப்பு நடத்திய தகரக் கொட்டிலில் கரும்பலகை இருக்கவில்லை. பாலை மரத்தடி மண்ணில் தடியால் தராசு கீறிச் சமன்பாடு கற்பித்தது வேறு வழியில்லாமையால்தான். பின்னர் பலகையும் கொப்பியும் வந்தபோதும் படத்தை நான் விடவில்லை. ஆனால் மண்ணில் ஒழுங்காக வேலை செய்த அதே படங்கள், கொப்பிக்குள் வந்ததும் விதவிதமாகப் பழுதாகத் தொடங்கின. ஆண்டுதோறும் அதே பழுதுகள் திரும்பி வந்தமையால் அவற்றை அறிகுறிவாரியாக எழுதி வைத்தேன். தரம் 7 முதல் 9 வரை கற்பிப்போருக்கும் வீட்டிலே பிள்ளைக்கு உதவும் பெற்றோருக்கும் இது பயன்படலாம். உங்கள் பிள்ளையின் கொப்பியில் தெரியும் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேரே செல்லுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும் காலமும் பணமும் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

பாடநூல்களில் தெரியாக்கணியத்துக்கு, அதாவது கண்டுபிடிக்க வேண்டிய எண்ணுக்கு, ஆங்கில எழுத்தே வரும். இங்கே அதற்குப் பதிலாக 'ய' என்று எழுதியுள்ளேன். உதாரணங்களில் வரும் பொருள் எதுவும் அந்த எழுத்தில் தொடங்காது. அது ஏன் முக்கியம் என்பது மூன்றாவது அறிகுறியில் தெரியும்.

சோதனைக்கு முன்: பக்கம் எப்படி இருக்க வேண்டும்

சதுரக் கோட்டுக் கொப்பியின் ஒரு பக்கத்தை அடிமட்டத்தால் மூன்று நிரல்களாகப் பிரிக்க வேண்டும். இடப்புறம் சொல், நடுவில் படம், வலப்புறம் குறியீடு. கணக்கின் ஒவ்வொரு படியும் மூன்று நிரல்களிலும் ஒரே வரியில் அமைய வேண்டும். "ஒரே நிறையுள்ள மூன்று நெல் மூடைகளும் 20 கிலோகிராம் தனி நெல்லும் சேர்ந்து 200 கிலோகிராம்" என்ற வசனத்துக்கு நேரே, ஒரு தட்டில் மூன்று பெட்டிகளும் 20 என்ற எண்ணும் மறு தட்டில் 200உம் கொண்ட தராசு; அதற்கு நேரே 3ய + 20 = 200. அடுத்த வரியில் "இரு தட்டிலும் 20 கிலோகிராமை எடுத்தோம்", மூன்று பெட்டிகளும் 180உம், 3ய = 180. அதற்கடுத்த வரியில் ஒரு பெட்டியும் 60உம், ய = 60. பென்சில் ஒன்று போதும். பெட்டி, புள்ளி, தராசு, எண்கோடு, செவ்வகம் என்ற ஐந்து உருவங்களைத் தவிர வேறெதுவும் தேவையில்லை.

அறிகுறி 1: பக்கம் அழகாக இருக்கிறது, கணக்கு முடியவில்லை

முதலில் பார்க்க வேண்டியது நிறப் பேனைகளை. மூடைக்கு மண்ணிறமும் தராசுக்கு நீலமும் தீட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மணி அடிப்பதற்குள் இரண்டாம் வரிக்கு வர நேரம் இராது. பேனைகளை வாங்கி வைத்துவிட்டு, பயன்படுத்திய தாளின் பின்புறத்தில் அதே படத்தை ஒரு நிமிடத்துக்குள் கீறச் சொல்லுங்கள். கீறி முடித்தால் பழுது பழக்கத்தில் மட்டுமே இருக்கிறது. ஒரு வாரம் பென்சிலோடு விட்டால் சரியாகும்.

ஒரு நிமிடத்தில் முடியாவிட்டால் பலகையை மறைத்துவிட்டு மீண்டும் கீறச் சொல்லுங்கள். பலகையைப் பார்த்தால் வருகிறது, மறைத்தால் வரவில்லை எனில் பிள்ளை இதுவரை செய்தது பிரதி எடுத்தல். அப்படியானால் பழுது பலகையில், அதாவது நம்மிடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் நான் மூடைகளை மாட்டுவண்டியில் ஏற்றி, வண்டிக்காரனுக்குத் தலைப்பாகையும் கட்டிக் கீறியிருக்கிறேன். பிள்ளைகள் தலைப்பாகையை மிகக் கவனமாகப் பிரதி எடுத்தார்கள்.

அறிகுறி 2: படம் சரி, குறியீட்டு நிரல் வெறுமை

வரிகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். படங்கள் மேலே ஒரு குவியலாகவும் சமன்பாடுகள் கீழே ஒரு குவியலாகவும் இருந்தால், எந்தப் படத்துக்கு எந்தச் சமன்பாடு என்பது பிள்ளைக்கே தெரியாது. நிரல்களைக் கோடிட்டுக் கொடுப்பதே பல கொப்பிகளில் போதுமானதாக இருந்தது.

வரிகள் நேராக இருந்தும் குறியீடு வரவில்லையெனில், முதல் இரண்டு படங்களையும் காட்டி, "இதிலிருந்து இதற்கு வர என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். "இருபதை எடுத்தேன்" என்று வாயால் சொல்ல முடிந்தால், அந்தச் சொல்லை இடப்புற நிரலில் எழுதவைத்துப் பின் குறியீட்டுக்குப் போங்கள். இங்கே விடுபட்டிருப்பது சொல் நிரல்தான். படத்திலிருந்து குறியீட்டுக்கு நேரே தாவச் சொல்வது பல பிள்ளைகளுக்கு அதிக தூரம். வாயாலும் சொல்ல முடியாதெனில், விடையை எங்கிருந்தோ அறிந்துகொண்டு பின் படத்தைக் கீறியிருக்கலாம். எண்களை மாற்றிப் புதுக் கணக்கொன்று கொடுத்தால் அது உடனே வெளிப்படும்.

கடைசியாக, வசனத்தை நீங்கள் உரக்க வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் காட்டியதும் எல்லாம் சரியாக வந்தால் பிள்ளைக்கு அட்சரகணிதத்தில் குறையில்லை, வாசிப்பில்தான் குறை. தமிழ் ஆசிரியரோடு பேசுவது கணித ஆசிரியரின் வேலையாகும் இடம் இது.

அறிகுறி 3: எழுத்தை எண்ணாகக் கொள்ளாமல் பொருளாகக் கொள்கிறது

எனது அனுபவத்தில் இதுவே மிக ஆழமான பழுது. பெரும்பாலும் இதை உண்டாக்குவதும் நமது படமே. 'மா' என்றால் மாம்பழம், 'வா' என்றால் வாழைப்பழம் என்று கீறி 2மா + 3வா கற்பித்துவிட்டால் அன்றைய பாடம் இனிமையாக முடிந்துவிடும். ஆனால் மாவும் வாவும் பெருக்கப்படும் நாளில், மாம்பழத்தை வாழைப்பழத்தால் எப்படிப் பெருக்குவது என்று பிள்ளை திகைத்து நிற்கும்.

சோதனை மிக எளிது. மூடைக் கணக்கைக் காட்டி, "ய என்பது மூடையா, மூடையின் நிறையா?" என்று கேளுங்கள். "மூடை" என்று விடை வந்தால் கீழ்வரும் ஒழுங்கில் தேடுங்கள்.

*பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது?* வெறும் 'ய' மட்டும் இருந்தால் "ய கி.கி." என்று மாற்றி எழுதச் செய்யுங்கள். மூடையின் கழுத்தில் கட்டிய நிறைச் சீட்டுப் போல அது தொங்கட்டும். சீட்டில் இருப்பது எண் என்பது ஆலையில் நெல் நிறுப்பதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பாதிப் பழுது இங்கேயே தீரும்.

*பெட்டிகள் ஒரே அளவா?* ஒரே எழுத்துக்குரிய பெட்டிகளை ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் கீறியிருந்தால், பெரியதில் கூடுதலாக இருக்கிறதென்று பிள்ளை எண்ணுவது நியாயமே. பிறிஸ்டல் மட்டையில் ஒரு பெட்டித் துளை வெட்டிக் கொடுத்தால் எல்லாம் ஒரே அளவில் வரும்.

*பெட்டிக்குள் சதுரங்கள் தெரிகின்றனவா?* இது எனக்குப் பிடிபட நீண்ட காலம் எடுத்தது. சதுரக் கோட்டுக் கொப்பியில் நான்கு சதுரத்தை அடக்கிப் பெட்டி கீறிய ஒரு மாணவி, எந்தக் கணக்கிலும் ய = 4 என்றே விடை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் சதுரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பதை நான் அறிந்தது, ஒருநாள் அவள் ஆறு சதுரத்தில் பெட்டி கீறி 6 என்று எழுதியபோதுதான். அன்று முதல் பெட்டிக்குள் சாய்கோடு இட்டு நிரப்பச் சொல்கிறேன். உள்ளே இருப்பது தெரியக் கூடாது. தெரிந்தால் அது தெரியாக்கணியம் ஆகாது.

இவை மூன்றும் சரியாக இருந்தும் பழுது தொடர்ந்தால் ஆடுமாட்டுச் சோதனையைச் செய்து பாருங்கள். "ஒரு பட்டியில் ஒவ்வொரு மாட்டுக்கும் 4 ஆடுகள் என்ற கணக்கில் நிற்கின்றன. ஆடுகளின் எண்ணிக்கை ஆ, மாடுகளின் எண்ணிக்கை மா எனில் சமன்பாடு என்ன?" கெட்டிக்காரப் பிள்ளைகளும் 4ஆ = மா என்று எழுதுவார்கள். நான்கு ஆடுகள் ஒரு மாட்டோடு நிற்கும் காட்சியை அவர்கள் அப்படியே எழுத்தாக்கிவிடுகிறார்கள். அதை அழிக்கச் சொல்லாமல், 5 மாடுகள் நின்றால் ஆடுகள் எத்தனை என்று கேளுங்கள். 20 என்பார்கள். அந்த எண்களை அவர்களுடைய சமன்பாட்டில் இடச் சொல்லுங்கள்; 80 = 5 என்று வரும். பின் ஆட்டையும் மாட்டையும் கீறாமல் எண்ணிக்கையைப் பட்டையாகக் கீறச் செய்யுங்கள். மாடுகளின் எண்ணிக்கைக்கு ஒரு பட்டை. ஆடுகளின் எண்ணிக்கைக்கு அதே நீளத்தில் நான்கு பட்டைகள் ஒட்டிய ஒரு நீண்ட பட்டை. நீண்டது ஆ, குட்டையானது மா, ஆகவே ஆ = 4மா. பட்டைக்குக் கொம்பும் வாலும் இல்லாதபடியால் அதைப் பொருளென்று மயங்க இடமில்லை.

2ய + 3 என்பதை 5ய என்று சுருக்குவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பழுதுதான். இரண்டு பெட்டியும் மூன்று புள்ளியும் கீறி, ஐந்து பெட்டிகளை எங்கே காண்கிறாய் என்று கேட்டால் போதும்.

அறிகுறி 4: தராசுப் படம் மறை எண் வந்ததும் நின்றுவிடுகிறது

ய + 5 = 2 என்ற கணக்கில் பிள்ளை தராசைக் கீறி, ஒரு தட்டில் பெட்டியும் ஐந்து புள்ளியும் மறு தட்டில் இரண்டு புள்ளியும் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். பிள்ளையில் பிழையில்லை. மறை நிறையுள்ள, அதாவது பூச்சியத்திலும் குறைந்த நிறையுள்ள, மூடை உலகத்தில் இல்லை. தராசு தன் எல்லைக்கு வந்துவிட்டது. பலூன் கட்டித் தூக்குவது போன்ற ஒட்டுவேலைகளால் தராசைக் காப்பாற்ற முயல்வதில் எனக்கு உடன்பாடில்லை. படத்தை மாற்றுவதே மலிவானது.

நான் மாற்றுவது குளத்துக்கு. இரணைமடுவின் முழு நீர்மட்டம் 36 அடி என்பது கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுப் பழகிய எண். முதலில் நேர் எண்ணில் தொடங்குங்கள்: இன்றைய மட்டம் ய அடி, இன்னும் 9 அடி ஏறினால் குளம் நிறையும், எனவே ய + 9 = 36. நிலைக்குத்தாக ஓர் எண்கோடு கீறி 36இலிருந்து 9 இறங்கினால் 27. அடுத்த நாள் அதே கோட்டில் முழு மட்டத்தைப் பூச்சியம் என்று மாற்றி எழுதுங்கள். இப்போது இன்றைய மட்டம் −9. மழை பெய்து 4 அடி ஏறினால் −5. தலைகீழாகக் கேட்டால், "4 அடி ஏறிய பின் மட்டம் −5, முன்னர் எங்கே நின்றது?" என்பது ய + 4 = −5. ஏற்றத்துக்கு மேல்நோக்கிய அம்புக்குறி, இறக்கத்துக்குக் கீழ்நோக்கிய அம்புக்குறி. சமன்பாட்டைத் தீர்ப்பது அம்பைத் திருப்பி நடப்பது. குளத்திலிருந்து தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுக் கிணறு போதும். நிலமட்டம் பூச்சியம், தண்ணீர் அதற்குக் கீழே.

எண்கோட்டிலும் தவறினால் திசைகொண்ட எண்களின், அதாவது நேர், மறை எண்களின், பாடமே உறுதியாகவில்லை என்று பொருள். அட்சரகணிதத்தை ஒரு வாரம் நிறுத்திவிட்டு அதற்குத் திரும்புங்கள். அது காலச் செலவுதான், ஆனால் தவிர்த்தால் பின்னர் இரட்டிப்பாகும்.

மறை எண்ணைக் கழிக்கும் இடத்துக்கு நல்ல படம் எதுவும் எனக்கு அகப்படவில்லை. 5 − 2 = 3, 5 − 1 = 4, 5 − 0 = 5 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடுத்த வரியான 5 − (−1)ஐ அவர்களையே நிரப்பச் சொல்கிறேன். 6 என்று தாமாகவே எழுதுகிறார்கள்.

அறிகுறி 5: 3(ய + 2) = 3ய + 2

அடைப்புக்குறியைத் தராசில் காட்ட முயன்றால் மூன்று பெட்டிகளும் ஆறு புள்ளிகளும் சிதறிக் கிடக்கும், கூட்டம் தெரியாது. செவ்வக வயலைக் கீறுங்கள். அகலம் 3, நீளம் ய + 2. நீளத்தை வெட்டி ஒரு வரம்பு போட்டால் இரண்டு துண்டுகள்: ஒன்று 3ய, மற்றது 6. "வரம்பு போட்டதற்காக அந்தப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் விடாமல் இருப்போமா?" என்ற ஒரு கேள்விக்குப் பின் பலர் திருந்திவிடுவார்கள்.

திருந்தாதவர்களிடம் ய = 4 என்று இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 3 × 6 = 18; அவர்களுடைய கோவையில் 14. ய = 5 என்றால் 21உம் 17உம். எந்த எண்ணை இட்டாலும் 4 குறைவது ஏன் என்று கேட்டு, அந்த நான்கு சதுரங்களும் வயலில் எங்கே விடுபட்டன என்று விரலால் காட்டவையுங்கள். தரம் கூடியபின் (ய + 3)² = ய² + 9 என்று எழுதுவோருக்கும் இதே வயல்தான் மருந்து; அங்கே விடுபடுவது 3ய பரப்புள்ள இரண்டு துண்டுகள்.

10 − (ய − 3) போன்றவற்றுக்கு வயல் ஒத்துவராது. எண்ணை இட்டுச் சோதிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி 6: சமன் குறிகள் சங்கிலியாக நீள்கின்றன

3ய + 2 = 14 − 2 = 12 ÷ 3 = 4 என்று ஒரே வரியில் ஓடும். விடை சரியாக இருப்பதால் நாமும் சரி போட்டுவிடுகிறோம், அங்கேதான் பழுது வேர்விடுகிறது. பிள்ளைக்கு '=' என்பது "அடுத்து" என்று பொருள்படுகிறது.

படத்தில் அம்புக்குறி இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். பாய்ச்சற் கோட்டுப்படம் (படிகளை அம்புக்குறியால் தொடுக்கும் படம்) கீறிப் பழகிய பிள்ளை, அம்புக்குறி இருந்த இடத்தில் சமன் குறியை வைத்துவிடும். அம்புக்குறியை நடு நிரலுக்கு மட்டும் உரியதாக்கி, வலப்புற நிரலில் ஒரு வரிக்கு ஒரேயொரு சமன் குறி என்ற கட்டளையை வையுங்கள். சமன் குறிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே நிலைக்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். சதுரக் கொப்பியில் இது எளிது. 1557இல் இந்தக் குறியை முதன்முதலில் அச்சில் பயன்படுத்திய வேல்ஸ் நாட்டவரான ரொபேட் ரெக்கோட், இரண்டு சமாந்தரக் கோடுகளை விடச் சமமானவை வேறில்லை என்பதாலேயே அவற்றைத் தெரிவு செய்ததாக எழுதினார். இதைச் சொன்னபின், குறியின் இரண்டு கோடுகளையும் ஒரே நீளத்தில் கீற அடிமட்டம் எடுத்த மாணவர்களும் உண்டு. அவர்களை அறிகுறி 1க்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

அறிகுறி 7: வகுப்பில் வருகிறது, பரீட்சையில் வரவில்லை

இரண்டு வகை உண்டு. ஒருவர் பரீட்சையிலும் முழுப் படத்தையும் கீறி நேரத்தை இழப்பார். மற்றவர் பரீட்சையில் படம் கூடாதென்று எண்ணி எதுவும் கீறாமல் தடுமாறுவார். விடைத்தாளின் ஓரத்தில் சிறு படம் இருப்பதற்காக எவரும் புள்ளியைக் குறைக்க மாட்டார்கள் என்பதை இரண்டாமவருக்குச் சொன்னாலே போதும்.

முதலாமவருக்குப் படத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மூன்று வரிப் படத்தில் கடைசி வரிப் படத்தை முதலில் விடுங்கள், பிறகு நடு வரியை, கடைசியாகவே முதல் வரியை. முதல் படம்தான் வசனத்தைச் சமன்பாடாக்குகிறது, ஆகவே அது நீண்ட காலம் நிற்கட்டும். வகுப்பு முழுவதற்கும் ஒரே நாளில் படத்தை நிறுத்திய ஆண்டு ஒன்று எனக்கு உண்டு. தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பார்த்தபின் மறுபடி அப்படிச் செய்யவில்லை.

அறிகுறி 8: எதுவுமே கீறப்படவில்லை

பென்சில் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றும், ஆனால் பென்சிலில்லாத பிள்ளை அதைச் சொல்லாது, "விளங்கவில்லை" என்றே சொல்லும். அடுத்து, காலையில் சாப்பிட்டதா என்று தனியே அழைத்துக் கேளுங்கள்.

பின்னர் இருக்கையை முன்வரிசைக்கு மாற்றுங்கள். முன்னே வந்ததும் கீறத் தொடங்கினால் கண்ணைச் சோதிக்க வேண்டும். தரம் 7இல் நடக்கும் பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் இதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அதற்கு நாளிருந்தால் காத்திராமல் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பப் பெற்றோருடன் பேசுங்கள். பரிசோதனைக்குக் கட்டணமில்லை, மூக்குக்கண்ணாடிக்கும் ஒரு நாள் கூலி இழப்புக்கும் வழி பார்க்க வேண்டியிருக்கும். முன்னே வந்தும் மாற்றமில்லையெனில், பின்னாலிருந்து மெதுவாகப் பெயரைச் சொல்லி அழைத்து, காது கேட்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்து, சிறு எண்களையும் விரல்விட்டே எண்ணுகிறது, எண்களைத் தலைகீழாக எழுதுகிறது, மற்றப் பாடங்களிலும் இதே நிலை என்றால், அதற்குமேல் நாம் படம் மாற்றிப் பார்ப்பது பிள்ளையின் காலத்தை வீணாக்கும். அதிபர் வழியாக வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிய கட்டம் அதுவே. ஒரு பிள்ளை மட்டுமல்ல, வகுப்பில் பாதிப்பேர் இதே அறிகுறியைக் காட்டினால் அழைக்க வேண்டியது கணிதப் பாட ஆசிரிய ஆலோசகரை. அங்கே பழுது பிள்ளைகளில் இருக்க வாய்ப்பில்லை.

எவரிடம் அனுப்பினாலும் கொப்பியின் மூன்று பக்கங்களைத் திகதியோடு பிரதி எடுத்துக் கொடுத்துவிடுங்கள்: பழுது முதலில் தெரிந்த பக்கம், நீங்கள் திருத்த முயன்ற பக்கம், கடைசிப் பக்கம். ஓரத்தில் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். பிழையான படங்களை அழிக்க விடாதீர்கள். பார்ப்பவருக்கு வேண்டியவை அவைதான்.